தரைக்கு முதல் எண்ணெய்

இரண்டு மாதிரித் துண்டுகளையும் கடைக்காரர் மேசைமேல் அருகருகே வைத்தார். ஒன்று நிஜமான தெரசோ, வெனிஸின் பழைய வீடுகளில் போடும் தரை. சுண்ணாம்புக் கலவையில் சலவைக்கல் சில்லுகளைப் பதித்து இழைத்தது. தூக்கினால் கை தாழ்ந்தது. மற்றது பீங்கான் டைல். அதே சிவப்பு, அதே சாம்பல் சில்லுகள், எல்லாம் அச்சு. நீவெஸ் இரண்டையும் நகத்தால் சுரண்டினாள். தள்ளி நின்று பார்த்தாள், குனிந்து பார்த்தாள். வித்தியாசம் தெரியுமா என்று மறுபடி மறுபடி கேட்டாள்.

“எங்க மாமியார் வீட்ல இதைத்தான் போட்டேம்மா. இன்னும் திட்டு வாங்கல,” என்று டைலைத் தட்டினார் கடைக்காரர்.

நீவெஸின் மாமியார் வான்டா தீவு நகரமான வெனிஸைவிட்டு, எதிர்க்கரையில் இருக்கும் மெஸ்த்ரேயின் அடுக்ககத்துக்கு மகனோடு வாழ வர ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். தன் அறையில் நிஜத் தெரசோ இருக்க வேண்டும். நீவெஸின் கணவன் லோரிஸும் அம்மாவிடம் சரியென்று சொல்லியிருந்தான். ஆனால் அதற்குக் கலவை கொட்டி, காயவிட்டு, இழைத்து முடிக்க வாரக்கணக்காகும், வீடெங்கும் சேறு. நீவெஸுக்கு மாலை வகுப்பின் பரீட்சை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மாவுக்குக் கண் முன்போல் இல்லை, நீ வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்றான் லோரிஸ். அது சரியா என்று அவளுக்குத் தெரியவில்லை. டைலுக்குச் சொல்லிவிட்டு வந்தாள்.

வான்டா வந்த அன்று காலையிலேயே பழைய வீட்டுச் சாவியை ஒப்படைத்திருந்தார். வெனிஸில் பக்கத்து வீட்டிலிருந்த எல்டா பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்திருந்தாள். மெஸ்த்ரேயில் பிளாஸ்டிக்கில்கூடத் தரை போடுவார்கள் என்று வழியெல்லாம் சீண்டினாளாம். என் மகன் நிஜத் தெரசோ போட்டிருக்கிறான், வந்து பார் என்று சொல்லித்தான் வான்டா அவளை அழைத்து வந்திருந்தார்.

அறைக்குள் வந்ததும் அவர் கட்டிலைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை. பையிலிருந்து ஆளிவிதை எண்ணெய் பாட்டிலை எடுத்தார். நிஜத் தெரசோ எண்ணெயைக் குடித்துத்தான் மெருகேறும்; புதுத் தரைக்கு முதல் எண்ணெயை அந்த அறையில் வாழப்போகிறவர்தான் தேய்க்க வேண்டும் என்பது அவர் குடும்பத்து வழக்கம். லோரிஸ் அதை மறந்திருந்தான். இப்போது வாசலில் நின்று தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான் தேய்க்கிறேன் அத்தை. நீங்க உக்காருங்க.”

“என் ரூமு. நான்தான் தேய்க்கணும்.”

மண்டியிட்டு எண்ணெயை ஊற்றினார். அது தட்டில் ஊற்றியதுபோல் அப்படியே நின்றது. துணியால் தள்ளினார், துணிக்கு முன்னால் வழுக்கிக்கொண்டு ஓடியது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தினார். மகனை அல்ல, நீவெஸைப் பார்த்தார். நீவெஸின் காது மடல்கள் சுட்டன.

“என்ன வான்டா, குடிக்குதா?” கூடத்திலிருந்து எல்டா கேட்டாள்.

“குடிக்குது. நல்லாவே குடிக்குது. நீ உள்ள வராதே, காயட்டும்.”

நீவெஸ் இன்னொரு துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் மண்டியிட்டாள். வான்டா தடுக்கவுமில்லை, இடம் விடவுமில்லை. டைல்களுக்கு நடுவே சில்லுகளின் நிறத்திலேயே பூசப்பட்டிருந்த மெல்லிய இணைப்புகள் இதுவரை கண்ணில் படவே இல்லை. எண்ணெய் அவற்றில் மட்டும் இறங்கியது. ஒரே பரப்பாகக் கொட்டும் நிஜத் தெரசோவில் இருக்கவே இருக்காத கறுத்த நேர்க்கோடுகள் ஒவ்வொன்றாக எழும்பி, அவர்கள் முழங்கால்களைச் சுற்றிக் கட்டம் கட்டமாக விரிந்தன. எல்டாவின் செருப்புச் சத்தம் வாசலை நெருங்கியது. வான்டா தன் பாவாடையை இரு கைகளாலும் பிடித்து, எட்டிய மட்டும் அந்தக் கோடுகளின்மேல் பரப்பினார்.