சட்டைப்பை வைத்த தலையணை

1

இந்தக் கதை ஒரு போட்டோவிலிருந்து வந்தது. அதை எடுத்தவன் நான்தான் என்பதைக் கடைசிவரை மறைக்கலாம் என்றிருந்தேன். முதல் பத்தியிலேயே உளறிவிட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கலைஞன். துருப்பிடித்த சைக்கிள், இடிந்த சுவர், ஒற்றைச் செருப்பு, தூக்கிப்போட்ட எதிலும் அழகு பார்ப்பேன்.

“பழசத்தான் எடுப்பியன்னா என்னையும் ஒண்ணு எடுக்கலாம்லா?” என்பாள் மனைவி கல்பனா. (நான் சொன்ன பதிலை நீக்கிவிட்டேன். அவள் இன்னும் நீக்கவில்லை.)

2

தொடக்கம், முதல் வரைவு: ‘சோழபுரம் கண்மாய்க் கரையில் காலை ஒளி பொன்னாக—’

வேண்டாம். கரையில் ஒரு தலையணை கிடந்தது. பழைய ராணுவச் சட்டையை வெட்டித் தைத்தது. சட்டைப்பையைப் பிரிக்காமல் அப்படியே விட்டு, அதற்கொரு சிவப்புப் பொத்தான். பக்கத்தில் பாய், ஒரு சேலை. ‘கனவுகளைப் போட்டுவைக்க ஒரு பை’ என்று எழுதி ஃபேஸ்புக்கில் ஏற்றினேன். (சிரிக்காதீர்கள். இருநூறு பேர் இதயம் போட்டார்கள்.)*

* இறந்தவர் படுத்ததை, உடுத்தியதை எங்கள் பக்கம் வீட்டில் வைப்பதில்லை. கண்மாய்க் கரையில் போட்டுவிடுவோம். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அன்று வெளிச்சம் நன்றாக இருந்தது.

3

மறுநாள் மெசஞ்சரில் அழைப்பு. பின்னால் ரயில் சத்தம்.

“அண்ணே, எம்பேரு வல்லரசு, சோழபுரம். ஆர்மில இருக்கேன். அந்தத் தலகாணி எங்கன கிடந்துச்சு?”

“ஏன் தம்பி?”

“எஞ்சட்டைண்ணே அது. அம்மா தனக்குன்னு தச்சது. அம்மாவ ஆஸ்பத்திரில சேத்திருக்கு, ஒடனே கெளம்பி வான்னு தங்கச்சி மாரிக்கனி சொன்னா. அதான் வந்துக்கிட்டிருக்கேன்.”

தூரத்துப் பிள்ளைகளை எப்படி வரவழைப்போம் என்று தெரியாதா? உயிர் போன பிறகும் ‘ஆஸ்பத்திரி’ என்றுதான் சொல்வோம்.

4

முடிவு அ: “பழைய சாமான் கடைல கிடந்துச்சு தம்பி.” (சோழபுரத்துக்காரன் நம்பமாட்டான்.)

முடிவு ஆ: உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முகம் தெரியாத ஒருவன், ஓடும் ரயிலில், தனியாக—

நடந்தது: என் வாய் திறக்கவேயில்லை. அவனுக்கு அதுவே போதுமாயிருந்தது.

“சரிண்ணே,” என்றான். “படத்த எடுத்துருங்க. தங்கச்சி கண்ணுல பட்டுரும். எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு அவளுக்குத் தெரிய வேண்டாம். எப்படிச் சொல்லன்னு தவிச்சுக்கிட்டுக் கிடப்பா. தெரியாதவனாவே வந்து எறங்குதேன்.”

எடுத்துவிட்டேன்.

5

நாளைக் காலை ராஜபாளையம் ஸ்டேஷனில் இறங்குவான். “அம்மாக்கு எப்படியிருக்கு?” என்று கேட்பான். மாரிக்கனியின் பதிலை நான் எழுதமாட்டேன். ஒருமுறை குறுக்கே புகுந்தது போதும். நீங்கள் எழுதுங்கள். அவள் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் அவசரப்படுத்தாதீர்கள்.