ஒன்பதாவது கட்டம்

மனித மூளையில் இரண்டே வகை உண்டு. கணினியின் நினைவகத்தை அப்படியே தலைக்குள் வைத்துக்கொள்ளும் மூளை ஒன்று. அதைக் காகிதத்தில் கட்டம் போட்டுப் பார்க்கும் மூளை மற்றொன்று. முதல் வகை நூறாண்டுக்கு ஒன்றுதான் பிறக்கும். இந்த நூறாண்டுக்கு உரியது ஏற்கெனவே பிறந்து, இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருக்கிறது என்பதில் மகாமேதைக்குக் கடுகளவும் சந்தேகம் இல்லை.

மகாமேதை என்பது வகுப்பு வைத்த பெயர். அதிலிருந்த நக்கல் இன்னும் அவனைப் போய்ச் சேரவில்லை. போன வருடம் இதே ‘கணினி அமைப்பும் கீழ்நிலை நிரலாக்கமும்’ பாடத்தில் அவன் தோற்றதற்கு வினாத்தாளின் தரக்குறைவுதான் காரணம். அதனால் இந்த வருடம் மறுபடி எழுதுகிறான். பக்கத்து இருக்கையில் எழுதுபவள் ஒரு வயது இளைய சொந்தத் தங்கை. இன்றைய செய்முறைத் தேர்விலும் கோட்டை விட்டால் அவள் மேல் வகுப்புக்குப் போய்விடுவாள், இவன் இங்கேயே இருப்பான். வீட்டில் அண்ணன், கல்லூரியில் தங்கைக்கு ஜூனியர். அதை நினைத்தாலே அருவருப்பு ஏறியது.

ஏறுவதற்கு ஆய்வகமும் தன்னால் ஆனதைச் செய்தது. கீபோர்டின் எழுத்துகளுக்கு நடுவே பிஸ்கட் தூள், நகத்துண்டு, யாருடையதோ சுருள் முடி ஒன்று. ஸ்பேஸ்பாரை அழுத்தினால் உள்ளேயே ஒட்டிக்கொண்டு, கொஞ்சம் யோசித்துவிட்டு மேலே வந்தது. மவுஸின் முதுகில் எத்தனையோ வருடத்து உள்ளங்கை வியர்வை. மேசையில் தூசியும் கைப்பிசுக்கும் கலந்து, ஆறிய பாலில் ஆடை மாதிரி சாம்பல் நிறத்தில் படிந்திருந்தது.

“அண்ணே, இது மேசையா, சாக்கடையா? தொட்டா விரல் அழுகிடும். முதல்ல தொடைங்க,” என்றான் மகாமேதை.

வெள்ளைத்தாள் கொடுத்துக்கொண்டு வந்த ஆய்வக உதவியாளர் நின்றார். “துணியை ஊறப் போட்டிருக்கேன் தம்பி, வந்து தொடைக்கிறேன். இந்தா, பேப்பர்.”

மெஷினில் கை வைக்கும் முன் தாளில் கட்டம் போட வேண்டும் என்பது தேர்வு நடத்தும் மேடத்தின் வழக்கம். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்கு மேலே முகவரி, எது எதைச் சுட்டுகிறதோ அதற்கு ஒரு அம்புக்குறி.

“எனக்கு வேணாம்ணே. கட்டம் போடறது நர்சரி பசங்க வேலை,” என்றான் மகாமேதை, நாலு வரிசைக்குக் கேட்கும்படி.

தங்கை அதற்குள் மூன்றாவது அம்பு போட்டிருந்தாள். “டேய் அண்ணா, வாங்கி வெச்சுக்கோடா. கட்டம் போடலேன்னாலும் கண்ணைத் தொடைக்க ஆகும்.”

“உட்கார்ந்து கட்டம் போட நீ என்ன ஜோசியக்காரியா?”

தாள் திரும்பிப் போனது.

முதல் கேள்வி சின்னது. எட்டு மாணவர்களின் மதிப்பெண்ணுக்கு வரிசையாக எட்டு இடம் ஒதுக்கி, எல்லாவற்றிலும் முதலில் பூஜ்யம் போட வேண்டும். மகாமேதை நான்கே நிமிடத்தில் அடித்து ஓட விட்டான். திரையில் ஒன்றும் இல்லை. பிழை என்றுகூடச் சொல்லவில்லை. கர்சர் மட்டும் கண் சிமிட்டியது; உள்ளே மின்விசிறி ஆஸ்துமாக்காரர் மாதிரி இரைந்தது. நிறுத்திவிட்டு மறுபடி ஓட விட்டான். மறுபடி அதே இரைச்சல்.

சீ, இதுவும் ஒரு மொழியா! நல்ல மொழி என்றால் ‘தம்பி, அது உன் இடம் இல்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லும். இது அடுத்த வீட்டு அடுப்படியில் போய்க் கால் கழுவினாலும் வாயைத் திறக்காது.

“மேடம், சிஸ்டம் ஹேங் ஆகுது. வேற கொடுங்க.”

மேடம் திரையைப் பார்த்தார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. “அது ஹேங் ஆகலை. நீ சொன்னதைத்தான் செஞ்சிட்டிருக்கு.”

“ஆடத் தெரியாதவங்களுக்குக் கூடம் கோணலாம் மேடம்,” என்றது பக்கத்து இருக்கை.

“பரீட்சைல பேச்சு வேணாம்,” என்ற மேடம், சிரிப்பை மறைக்கச் சட்டென்று திரும்பி நடந்தார்.

இன்னும் முப்பது நிமிடம். மகாமேதை கண்ணை மூடி எட்டுக் கட்டங்களையும் தலைக்குள் வரிசையாக நிறுத்தினான். ஐந்தாவது கட்டத்தில் தங்கை வந்து உட்கார்ந்து, “என்னடா ஜூனியர்?” என்றாள். வரிசை கலைந்தது.

தாள் இல்லை. உள்ளங்கையில் எழுதினால் காப்பியடித்தான் என்று பிடிப்பார்கள். மிச்சம் இருந்தது மேசை.

மூச்சை அடக்கிக்கொண்டு ஆள்காட்டி விரலை அந்தப் பிசுக்கில் வைத்தான். வெதுவெதுப்பாக இருந்தது. இழுத்தான், கோடு விழுந்தது, நகத்தடியில் கறுப்பாக ஒரு உருண்டை திரண்டது. எட்டுக் கட்டம் போட்டான். முகவரிகளைத் திரையில் வரவழைத்துப் பார்த்தால், எத்தனையாவது கட்டம் என்று எண்ணிக்கொண்டு போகும் எண்ணும் அதே வரிசையில், எட்டையும் ஒட்டிக் குடியிருந்தது. அதற்கு ஒன்பதாவதாக ஒரு கட்டம்.

விரல் கட்டம் கட்டமாகப் பூஜ்யம் போட்டுக்கொண்டு போனது. பூஜ்யத்தில் தொடங்கி எட்டு வரை என்றுதான் அவன் எழுதியிருந்தான். எண்ணினால் ஒன்பது வந்தது. விரல் ஒன்பதாவது கட்டத்துக்கும் போய், அங்கே இருந்த எண்ணிக்கையை அழித்துப் பூஜ்யம் போட்டது. எண்ணிக்கை பூஜ்யமானால் மறுபடி தொடக்கத்துக்கு. மறுபடி ஒன்பது. மறுபடி தொடக்கம். இத்தனை நேரமும் அந்த மெஷின் ஒரு முட்டாளின் கட்டளையை முகம் சுளிக்காமல் நிறைவேற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

நிபந்தனையில் இருந்த ஒரே ஒரு சமக்குறியை எடுத்தான்; ‘எட்டு வரை’ என்பது ‘எட்டுக்கு முன் வரை’ ஆனது. எட்டுப் பூஜ்யங்கள் திரையில் நல்ல பிள்ளைகளாக வந்து நின்றன.

மேசைமேல் ஈரத்துணி நிழலாடியது. “கோவிச்சுக்காத தம்பி, லேட்டாயிடுச்சு. இப்போ பளிச்சுன்னு தொடைச்சிடறேன்.”

“ஐயோ, வேணாம்ணே!” மகாமேதை முழங்கையால் மேசையை அணைத்துக்கொண்டான். “இருக்கட்டும். சுத்தமாத்தான் இருக்கு.”

உதவியாளர் முழங்கைக்கு அடியில் எட்டிப் பார்த்தார். கட்டங்களை ஒவ்வொன்றாக எண்ணினார். குரலைத் தாழ்த்தி, “பேப்பர் ஒண்ணு தரட்டுமா?” என்றார்.

தங்கையின் பென்சில் நின்றது.

“எதுக்குண்ணே பேப்பர்?” என்றான் மகாமேதை.

அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். பென்சில் மறுபடி ஓடத் தொடங்கியது. இரண்டாவது கேள்விக்குப் பதினாறு கட்டம் வேண்டும், அம்புக்குறிகள் தனி. மேசையில் அவ்வளவு இடம் மிச்சமில்லை. மகாமேதை இருபுறமும் பார்த்தான். பிறகு சத்தமில்லாமல் மவுஸ் பேடைத் தூக்கினான். அடியில், யார் கையும் படாமல், தடிமனாக, புத்தம்புதிய அழுக்கு. விரலை வைத்தான்.