செடியைச் சும்மா விடாதவர்

அந்த லிஃப்ட் மெக்கானிக்குக் கையும் காலும் ஓரிடத்தில் நிற்காது. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு மகளைக் கவனிப்பதுதான் அவருக்கு முழுநேர வேலை. லிஃப்டெல்லாம் சும்மா பொழுதுபோக்கு. அந்த மகளும் வேலை கிடைத்த கையோடு ஏழு பஸ் நிறுத்தம் தள்ளி ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள். ஒரு நாளைக்குப் பதினோரு போன் வந்தால் யார்தான் போகமாட்டார்கள்?

அவர் கேட்டது ஒன்றே ஒன்று, அந்த அறையின் மாற்றுச் சாவி. மூடிய கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்களை முப்பது வருடமாக வெளியே எடுத்தவர் அவர். உள்ளேயிருந்து வரும் குரல் எப்படி மெல்ல மெல்லத் தேயும் என்று அவருக்குத் தெரியும். "உள்ள மயங்கி விழுந்தா யாரு வந்து தெறப்பா?" என்று கேட்டுக் கேட்டே மகளின் உயிரை வாங்கினார்.

ஒரு நாள் அவள் ஒரு ஸ்பைடர் செடியைக் கொண்டுவந்து ஜன்னலோரம் வைத்தாள். ஒல்லியான பச்சை இலைகளில் வெள்ளைக் கோடு. நீளமான தண்டின் நுனியில் இரண்டு குட்டிச் செடிகள் தொங்கின.

"வீட்டுக்குள்ள வளக்க இதவிட லேசான செடி கெடையாதுப்பா. மேல்மண்ணு காஞ்சா மட்டும் தண்ணி ஊத்துங்க. நேர் வெயில் வேணாம். மத்தபடி தொடவே கூடாது. ஒரு மாசம் உயிரோட இருந்தா சாவி தர்றேன்."

"இவ்ளோதானா?" என்று அவர் சிரித்தார்.

சிரித்தவர் மறுநாளே லிஃப்டுக்கு மாட்டுகிற பரிசோதனை அட்டை ஒன்றைத் தொட்டியில் கட்டினார். தேதி, நேரம், கையெழுத்து. கட்டம் என்று இருந்தால் அதை நிரப்ப வேண்டாமா? தினமும் அரை டம்ளர் தண்ணீர். இலை நுனி பழுப்பானதும் முழு டம்ளர். அப்புறம் உரம். வெயிலுக்கு நகர்த்தினார், நிழலுக்கு நகர்த்தினார். அவர் தொழிலில் சந்தேகம் வந்தால் கழற்றிப் பார்ப்பதுதான் முறை. அதனால் இரண்டாவது வாரம் செடியையே உருவி வேரைப் பார்த்தார். தடித்த வெள்ளை வேர்கள், ஒரு குறையும் இல்லை. மூன்றாவது வாரம் மறுபடி உருவினார். வேர் கொழகொழவென்று கையோடு வந்தது, நாற்றம் வேறு.

பதறிப்போய்ச் செடியைத் தூக்கிக்கொண்டு நர்சரிக்கு ஓடினார். நர்சரிக்காரர் ஒரு பார்வைதான் பார்த்தார்.

"தண்ணி இல்லாம சாகல சார், தண்ணியில மூழ்கிச் செத்திருக்கு. அந்தக் குட்டிங்கள வெட்டித் தண்ணியில வைங்க, வேர் விட்டுடும்."

பக்கத்திலேயே அச்சு அசலாக அதே மாதிரி ஆறு செடிகள் இருந்தன. ஒன்றைக் கையில் எடுத்தார். மகளுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் பார்க்காத லிஃப்டைப் பார்த்ததாக அவர் ஒரு நாளும் கையெழுத்துப் போட்டதில்லை. அதைக் கீழே வைத்துவிட்டு வந்து, குட்டிகளை வெட்டித் தண்ணீரில் வைத்தார்.

கெடு முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை மகள் வந்தாள். காலித் தொட்டியைப் பார்த்தாள், அட்டையைப் படித்தாள், விழுந்து விழுந்து சிரித்தாள். படித்து முடிப்பதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஒரு நாள்கூட விட முடியலையாப்பா?"

"முடியல பாப்பா."

"அப்ப சாவி கெடையாது."

"தெரியும். இந்தக் குட்டிங்களயும் நீயே எடுத்துட்டுப் போயிடு. இங்க இருந்தா இதையும் கொன்னுடுவேன்."

வேர்விட்ட இரண்டு குட்டிகளையும் ஒரு கண்ணாடிக் குடுவையில் வைத்து அவள் எடுத்துப் போனாள். போய்ச் சேர்ந்தாயா என்று கேட்க அவருக்கு விரல் துடித்தது. இன்று கேட்பதில்லை என்று முடிவெடுத்து, போனைத் துணிக்குள் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினார். கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தார். கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினார். மகள் இல்லாத வீட்டில் அவருக்கு அழுகை அழுகையாக வந்தது.

இரண்டு மணி நேரம் கழித்துக் கதவு அதிர்ந்தது.

"அப்பா! அப்பா!"

திறந்தார். மகள் மூச்சு வாங்க நின்றாள், முகமெல்லாம் வேர்வை.

"ஏன் போன் பண்ணல? நான் ஒம்பது தடவ அடிச்சேன், எடுக்கல!"

"நீதானம்மா ஒரு நாள்கூட விட முடியலையான்னு கேட்ட..."

அவள் அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் கையை நீட்டினாள்.

"இந்த வீட்டுச் சாவி இன்னொண்ணு இருக்குல்ல? அத எங்கிட்ட குடுங்க."