ஊருக்கே உள்ள அளவு

மூத்தவள் வாளியில் ஊறிய சட்டையை எடுத்துக் கல்லில் அடித்தாள். முதல் தண்ணீர் எப்போதும் கறுப்பாகத்தான் வரும். பழைய பேட்டரிகளை உடைத்துக் காரீயம் உருக்கும் கொட்டகையில் அவள் புருஷனுக்கும் கொழுந்தனுக்கும் வேலை. இரண்டு பேர் உடுப்பையும் அவள்தான் துவைக்கிறாள். கொழுந்தன் பெண்டாட்டி இளையவள் துணிக்கடையில் பில் போடப் போகிறாள், அவள் சம்பளத்தில்தான் வீட்டு வாடகை ஓடுகிறது. அப்புறம் யார் துவைப்பது என்ற கேள்வியே அந்த வீட்டில் எழவில்லை.

பக்கத்தில் ஈரத்தில் உட்கார்ந்து அவள் மகன் வாளியின் விளிம்பை நக்கிக்கொண்டிருந்தான். நாலு வயசாகியும் பேச்சு வரவில்லை. யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காததால் தெருவே அவனைத் துரை என்று கூப்பிட்டது. அவனைவிடச் சின்னவளான இளையவள் மகளுக்குப் பெயர் வாயாடி. அம்மாவின் கடைக்குப் பக்கத்துக் குழந்தைகள் காப்பகத்தில் பகலெல்லாம் இருந்துவிட்டு, சாயங்காலம் வந்ததும் பெரியம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஊர்க்கதை அளப்பாள். கேட்கக் கேட்க மூத்தவளுக்கு வயிறு எரியும். குழந்தைமேல் பொறாமைப்படலாமா என்று தன்னையே திட்டிக்கொள்வாள். திட்டினாலும் எரிச்சல் அடங்காது.

இளையவளுக்கு லீவு நாள் அன்று. போன வாரம் தெருக் குழந்தைகளுக்கெல்லாம் ரத்தம் எடுத்துப்போன நர்ஸம்மா, முடிவு சொல்ல வந்தாள். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி இருந்துவிடட்டும் என்று மூத்தவள் மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். அப்படி இருந்தால் ஊருக்கே வந்த கேடு என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம்.

"பாப்பாவுக்குப் பயப்பட ஒண்ணுமில்ல. ஊர்ல எல்லார் ரத்தத்துலயும் கொஞ்சம் காரீயம் இருக்கத்தான் செய்யுது, அந்த அளவுதான்" என்றாள் நர்ஸம்மா. துரையைப் பார்த்ததும் குரல் இறங்கியது. அவனுக்கு அதைப்போலப் பல மடங்கு இருக்கிறதாம். பேச்சு வராததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், அதுவரை இந்தத் துணிகள் பக்கமே விடக்கூடாது என்றாள்.

"எல்லார்னா யாரும்மா?"

"காரீயத்துல வேலை பாக்காதவங்க."

"என் பையன் என்ன வேலை பாக்குறான்?"

நர்ஸம்மா அடுத்த வீட்டுச் சீட்டைப் புரட்டினாள். இளையவள் சட்டென்று மகளைத் தூக்கிக்கொண்டு வாளியைவிட்டுத் தள்ளி நின்றாள். அப்புறம் வெட்கப்பட்டவள் போல, "அவர் துணிய இனிமே நான் துவைக்கிறேன்க்கா" என்றாள்.

"துவைக்கறப்போ அவள எங்க விடுவ?" என்றாள் மூத்தவள்.

கொட்டகையிலேயே குளித்து மாற்றிக்கொள்ள ஓர் அறை கேட்கச் சொல்லிப் புருஷனை மறுநாள் அனுப்பினாள். சாயங்காலம் அவன் இரண்டு சோப்புத்தூள் பாக்கெட்டோடு வந்தான். மேஸ்திரி கொடுத்ததாம். கொட்டகை ஆட்களுக்கும் ரத்தம் பார்த்தார்களாம், எல்லோருக்கும் நார்மலாம்.

"யாரோட சேத்துப் பாத்து நார்மல்?"

"எங்களுக்குள்ளதான்" என்றான் அவன், பனியனைக் கழற்றியபடி.

புதுத்தூள் நன்றாக நுரைத்தது. "பெரியம்மா, எனக்கு நுரை" என்று வாயாடி ஓடி வந்தாள். அவள் அம்மா உள்ளே சமையலில் இருந்தாள். மூத்தவள் அக்கம்பக்கம் பார்த்தாள். பிறகு வாளியைக் குழந்தையின் பக்கம் நகர்த்தினாள். வாயாடி சாம்பல் நிற நுரையில் முழங்கை வரை விட்டுத் துழாவினாள், ஏதோ பாட்டும் பாடினாள். எரிந்துகொண்டிருந்த வயிறு கொஞ்சம் குளிர்ந்தது. அது நிஜம். குழந்தை ஒரு கை நுரையை ஊதுவதற்காக வாயருகே கொண்டுபோனாள்.

மூத்தவள் அந்த மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். குழாயடிக்கு இழுத்துப்போய் நகக்கண் வரை தேய்த்துக் கழுவினாள். குழந்தை வீறிட்டு அழுதாள். "இவள இந்தப் பக்கம் விடாத" என்று இளையவள் கையில் கொடுத்துவிட்டுக் கதவை வெளியிலிருந்து சாத்தினாள்.

திரும்பி வந்தபோது வாயாடி இருந்த இடத்தில் துரை உட்கார்ந்திருந்தான். அப்பாவின் சட்டைக் கை அவன் வாயில் இருந்தது.

"துரை, விடுடா" என்றாள். அவன் திரும்பவில்லை. கல்லின்மேல் கொழுந்தனின் சட்டை இன்னும் துவைக்காமல் கிடந்தது, அதன் பக்கத்தில் பிரிக்காத இரண்டாவது சோப்புத்தூள் பாக்கெட்.