ஆணியில் தொங்கிய ரொட்டி

பல் டாக்டர் நவூம் ஏறிய ஒவ்வொரு ரயிலும், எந்தத் திசையில் புறப்பட்டாலும், அவரை எங்கள் ஸ்டேஷனிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டது. மேற்கே கோகந்துப் பக்கம் போன வண்டி மறுநாள் மதியம் அவரைக் கிழக்கே ஆந்திஜான் பக்கமிருந்து கூட்டி வந்தது. வழியில் எங்கும் தடம் மாறவில்லை என்று டிரைவர்கள் சத்தியம் செய்தார்கள். போரின் இரண்டாவது குளிர்காலம் அது. மண்ணெண்ணெயும் கிடைக்கவில்லை, உப்பும் கிடைக்கவில்லை. அதனால் நவூமின் ரயில்களைப் பற்றி ஸ்டேஷன் தெருவில் யாரும் அதிகம் பேசவில்லை.

காரணம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர் ஓய்னிசா வீட்டு ரொட்டியைக் கடித்திருந்தார்.

ஓய்னிசாவுக்குப் பிறந்த குழந்தைகள் ஒவ்வொன்றாகத் தொட்டிலிலேயே போய்விட, கடைசியாகப் பிறந்தவனுக்குத் துர்சுன் என்று பெயர் வைத்தார்கள். எங்கள் மொழியில் அதற்கு 'இருக்கட்டும்' என்று பொருள். இவனாவது இருக்கட்டும். அவன் இருந்தான். எங்கள் ஊர்ப் புருஷன்மார் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஆகவே ஓய்னிசாவின் புருஷன் எர்காஷும் அவளைத் துர்சுன் என்றே கூப்பிட்டு வந்தார். பையனைப் பட்டாளத்துக்கு எடுத்துக்கொண்ட பிறகும் அந்த வீட்டில் அந்தப் பெயர் காலையிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் "வரேன்" என்று சொல்லிக்கொண்டு வருவாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் தேநீர்க் கிண்ணத்தை நீட்டுவார்.

புறப்படும் அன்று துர்சுன் வழக்கப்படி வட்ட ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டு மிச்சத்தை அம்மாவிடம் கொடுத்தான். கடித்தவன் திரும்பி வந்து மிச்சத்தைத் தின்ன வேண்டும். அதுவரை அது சுவரில் ஆணியில் தொங்கும். அந்த வருஷம் எங்கள் தெருவில் ரொட்டி தொங்காத வீடு இல்லை. மற்ற வீட்டு ரொட்டிகள் காய்ந்து ஓடு மாதிரி ஆயின. ஓய்னிசா வீட்டு ரொட்டி மட்டும் அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்ததைப் போலச் சூடாகவே இருந்தது. எர்காஷ் தினமும் வேலைக்குப் போகும் முன் அதில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். பார்த்துவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு போவார்.

நவூம் அந்த வீட்டு வாசலுக்கு வந்தபோது கால்களில் செய்தித்தாளைச் சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தார். வீத்தெப்ஸ்க் ஊர்க்காரர். குண்டுக்குத் தப்பி மனைவி ஃபீராவோடு சரக்கு வண்டியில் வந்துகொண்டிருந்தவர், ஏதோ ஒரு ஸ்டேஷனில் சுடுதண்ணீர் பிடிக்கக் கெட்டிலோடு இறங்கினார். வரிசை நீளம். அவர் திரும்புவதற்குள் வண்டி போய்விட்டது. அன்றிலிருந்து கெட்டிலும் கையுமாக ஸ்டேஷன் ஸ்டேஷனாகத் தேடிக்கொண்டிருந்தார். பட்டினியில் ஈறு வீங்கிப் பற்கள் உதிர்ந்திருந்தன. பல் டாக்டர் என்று அவர் சொன்னதும் ஓய்னிசா அந்த நிலையிலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வீட்டில் ஒன்றுமில்லை. மாவுக் கஞ்சியின் கடைசிக் கரண்டி காலையிலேயே முடிந்திருந்தது. வாசலுக்கு வந்தவரை ரொட்டியில் வாய் வைக்காமல் அனுப்புவது எங்களிடம் கிடையாது. ஒரு துணுக்கு போதும், ஆனால் அந்தத் துணுக்கு வேண்டும். அவள் சுவரைப் பார்த்தாள். பிறகு நெடுநேரம் தரையைப் பார்த்தாள். கடைசியில் ஆணியிலிருந்து ரொட்டியை எடுத்துத் திருப்பிப் பிடித்தாள்.

"இந்தப் பக்கம் கடிச்சுக்குங்க. அந்தப் பக்கம் என் பையனோடது."

எங்கள் தெருவில் குழந்தைக்குக்கூடத் தெரியும், அந்த ரொட்டியை இன்னொருவருக்குக் கொடுக்கக்கூடாது என்று. ஏன் என்று மட்டும் யாருக்கும் தெரியாது, யாரும் கொடுத்துப் பார்த்ததில்லை. நவூம் இருந்த பல்லால் ஓரத்தைக் கடித்தார். கண்ணை மூடி மென்றார். நன்றி சொல்லிவிட்டு ரயில் ஏறினார். மறுநாள் திரும்பி வந்தார்.

அவருடைய ரயில்களின் அர்த்தம் புரிவதற்குள் காரியம் கைமீறிப் போயிருந்தது. ஒரு வாய் தின்றால் ஒரு நாள் பசி அடங்குகிறது என்ற செய்தி பிளாட்பாரத்தில் பரவி, போருக்குத் தப்பி வந்து இறங்கியவர்கள் எல்லோரும் ஓய்னிசா வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். தங்கள் மாவை மிச்சம் பிடிக்கப் பார்த்த அக்கம்பக்கத்தாரும் வாசலுக்கு வந்தவர்களை அங்கேயே திருப்பிவிட்டார்கள். பக்கத்து வீட்டு ரிஸ்கி கதவைப் பாதி திறந்து, "அந்த நீலக் கதவு வீட்டுக்குப் போங்கம்மா, அங்க ரொட்டி சூடா இருக்கு" என்று தாராளமாகச் சொல்லுவாள். லெனின்கிராத் டீச்சர் கடித்தார். இரண்டு பிள்ளைகளோடு வந்த போலந்துக்காரி கடித்தாள், பிள்ளைகளும் கடித்தன. ஓய்னிசா யாரையும் மறுக்கவில்லை. ரொட்டி சுற்றிலும் பல்தடங்களோடு, தேய்ந்த கியர் சக்கரம் போல ஆணியில் தொங்கியது. கடித்தவர்கள் ஒருவராலும் ஊரை விட்டுப் போக முடியவில்லை. போலந்துக்காரி ரயிலை நம்பாமல் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பருத்திக் காட்டு வழியாக நடந்தே போனாள். சாயங்காலம் தெருவின் மறுமுனையில் வந்து நின்று அழுதாள்.

அவர்கள் ஓய்னிசாவின் முற்றத்திலும் மாட்டுக் கொட்டிலிலும் குடியேறினார்கள். ரிஸ்கி மதில் மேல் முகவாயை வைத்துக்கொண்டு கேட்டாள்: "ரொட்டியில எள்ளு தூவுவாங்க, நீ கோந்து தடவியிருக்கியாடி?"

"நீ அனுப்பின ஆளுங்கதானேடி பாதி. வந்து கூட்டிக்கிட்டுப் போ."

"எனக்கெதுக்கு? எம் புருஷனே எப்பப் போவான்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

முற்றத்தில் எல்லோரும் சிரித்தார்கள். புரியாதவர்களுக்கு டீச்சர் மொழிபெயர்த்துச் சொல்ல, அவர்கள் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்கள்.

நவூம் பகலில் ஊர்க்காரர்களுக்குப் பல் பிடுங்கி, கூலியாக உலர்ந்த முசுக்கொட்டைப் பழமும் டர்னிப்பும் வாங்கி வந்து ஓய்னிசாவிடம் கொடுத்தார். ஓய்வு கிடைத்தால் ரொட்டியின் முன் நின்று பல்தடங்களைப் படிப்பார். இது டீச்சர், கடைவாயில் சொத்தை. இது சின்னவன், பால்பல் ஆடுகிறது. ஒரு நாள் விரலை மறுபக்கம் கொண்டுபோனார்.

"உங்க பையனுக்கு முன்பல் ஒண்ணு கொஞ்சம் திரும்பியிருக்கும்மா. சிரிக்கறப்ப வாயைப் பொத்திக்குவானோ?"

ஓய்னிசா கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தாள். அவன் நடையையும் குரலையும் தினமும் நினைத்து நினைத்துத் தேய்த்திருந்தாளே தவிர, அந்தப் பல் அவள் நினைவை விட்டுப் போயே போயிருந்தது. சிரிக்கும்போது வாய்க்கு நேரே எழும்பும் கையும் போயிருந்தது. அப்படி வாயைப் பொத்திக்கொள்ளும் பழக்கம் அவளிடமிருந்துதான் அவனுக்கு வந்தது. அன்று முழுக்க அவளும் நவூமும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

பனி உருகும் சமயத்தில் வடக்கேயிருந்து வந்த ஒரு பெண் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாள். ஜம்பூல் ஸ்டேஷனில் ஒருத்தி தினமும் வந்து நிற்கிறாளாம். இறங்கும் ஆண்களையெல்லாம் நிறுத்தி, "சுடுதண்ணி கிடைச்சுதா?" என்று கேட்கிறாளாம். பைத்தியம் என்கிறார்களாம். கேட்டுக்கொண்டிருந்த நவூம் எழுந்துபோய்க் கெட்டிலை மணல் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். பளபளவென்று ஆன பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தார். அன்று ஏறிய ரயிலும் அவரைத் திரும்பக் கொண்டுவந்தது.

எர்காஷ் மனைவியைக் கூப்பிட்டார். "துர்சுன், அந்தாளை விட்டுடு. அவரு மிச்சத்தைத் தின்னுட்டுப் போகட்டும். எல்லாரும் தின்னுட்டுப் போகட்டும்."

"தின்னு தீர்த்துட்டா நம்ம பையன் எதுக்குத் திரும்பி வருவான்?"

"நாம இருக்கோமே."

"நம்மளை அவன் கடிச்சுட்டா போனான்?"

எர்காஷ் எழுந்து ஆணியருகே போனார். புறங்கையை ரொட்டியில் வைத்துப் பார்த்தார். சூடாகத்தான் இருந்தது. அதற்கு மேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

அடுத்த வாரம் முழுக்க ஓய்னிசா ஸ்டேஷனுக்குப் போய் வந்தாள். இறங்குகிறவர்களைப் பார்த்தபடி நிற்பாள், திரும்பி வருவாள். நவூமின் கெட்டிலைப் பார்ப்பாள். வெள்ளிக்கிழமை மதியம் முற்றத்தில் விரிப்பைப் போட்டாள். எல்லோரையும் உட்காரச் சொன்னாள். ரொட்டியை எடுத்து வந்து, கத்தி படாமல் கையால் பிய்த்து, அவரவர் கடித்த பக்கத்தை அவரவருக்கு வைத்தாள். எல்லோரும் தின்றார்கள். போலந்துக்காரி பிள்ளைகளின் உதட்டில் ஒட்டியதையும் துடைத்து அவர்கள் வாயிலேயே போட்டாள். நவூம் மட்டும் தொடவில்லை. மறுபக்கம் வரை பிய்ந்து வந்த அவருடைய துண்டில்தான் துர்சுனின் பல்தடமும் சேர்ந்து வந்திருந்தது.

"வேணாம்மா. எனக்கு இங்க ஒரு குறையும் இல்லை."

"பொய் சொல்றதுக்குப் பல்லாவது இருக்கணும் டாக்டர்," என்றாள் ஓய்னிசா. யாரும் சிரிக்கவில்லை. "கடிச்சவன் வந்து முடிக்கணும். நீங்க எத்தனை தடவை வந்தாச்சு. முடிங்க."

அவர் முடித்தார். வெகுநேரம் மென்றார். எர்காஷ் எழுந்து வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆணியைப் பிடுங்கிவிடலாம் என்று சுவரில் கை வைத்தபோதுதான் ஓய்னிசாவுக்குச் சூடு பட்டது. ரொட்டி இல்லை. ஆனால் துர்சுன் கடித்த இடம் இருந்தது. பிறை போல ஒரு வெற்றிடம், ஆணியில், முன்பு தொங்கிய அதே உயரத்தில். அவள் நவூமைக் கூப்பிட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, நோயாளியின் வாய்க்குள் விடுவதைப் போல விரலை விட்டு, ஓரமாகத் தடவிப் பார்த்தார்.

"அதே பல்தாம்மா. திரும்பின பல்."

அன்றைய ரயிலில் கெட்டிலோடு ஏறிய நவூம் மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அதிலிருந்து அவர் ஜம்பூலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நாங்கள் தெரிந்துகொண்டோம். டீச்சரும் போலந்துக்காரியும் மற்றவர்களும் அவ்வாறே போய்ச் சேர்ந்தார்கள். யாராவது திரும்பி வராவிட்டால் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று எங்கள் தெருவில் சொல்வது அப்போது வந்த வழக்கம். ஓய்னிசாவின் காதுபட மட்டும் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

போர் முடிந்தது. துர்சுன் வரவில்லை, இறந்தான் என்ற தகவலும் வரவில்லை. மற்ற வீட்டு ரொட்டிகள் சில தின்னப்பட்டன, பல ஆற்றில் விடப்பட்டன. வழிப்போக்கர்கள் யாராவது பசியோடு வந்தால் ஓய்னிசா புது ரொட்டி சுட்டுக் கொடுத்தாள். குளிரில் வந்தவர்கள் தின்னும் முன் அந்த ஆணிக்குக் கீழே கையைச் சூடாக்கிக்கொள்வார்கள். ரிஸ்கி மாவு புளிக்காத நாட்களில் சட்டியைக் கொண்டுவந்து அங்கே வைத்துவிட்டுப் போவாள். எர்காஷ் சாகும்வரை காலையில் புறங்கையை வைத்துப் பார்த்தார். அவர் போன பிறகு அந்த வீட்டில் அந்தப் பெயரைக் கூப்பிட ஆள் இல்லாமல் போனது.

ஒரு வசந்தத்தில் நவ்ரூஸ் பண்டிகைக்கு முன் வெள்ளையடிக்க வெளியூர் ஆள் ஒருவன் வந்தான். ஆணியைச் சுற்றிப் பிறை அளவுக்குச் சுண்ணாம்பு அடித்த கையோடு காய்ந்து உதிர்ந்தது.

"இந்த இடம் ஏதோ சூடா இருக்கும்மா. ஒட்டவே மாட்டேங்குது. சுரண்டிட்டுப் பூசிடட்டுமா?"

"துர்சுன்," என்றாள் ஓய்னிசா.

பின்னால் யாரையோ கூப்பிடுகிறாள் என்று நினைத்து அவன் திரும்பிப் பார்த்தான். வாசலில் யாரும் இல்லை. பிறகு, இருக்கட்டும் என்கிறாள் என்று புரிந்துகொண்டு, அந்த இடத்தை விட்டுவிட்டுச் சுற்றிலும் அடித்து முடித்து, வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த சுவருக்குப் போனான்.