நரைச்சிக்கு வைத்த தண்ணீர்

விதைச் சாமைக் கூடை மறுபடியும் நனைந்திருந்தது. மாதன் குனிந்து மோந்து பார்த்தான். பரணிலிருந்து ஒரு சாக்கை எடுத்து உதறினான்.

"ஏனுங்க, சாக்கு எதுக்கு?" என்றாள் கண்ணாயி.

"உங்க ஊட்டுச் சீதனத்துக்குத்தான். அடுத்த சந்தைக்கு எறங்கறப்போ அடிவாரத்துக் காரவள்ளியில விட்டுட்டு வாரேன். விதையில பூனை மோண்டா வருசம் பூரா என்னத்தத் திங்கறது?"

அவன் சொன்னது நரைச்சியை. கண்ணாயி அதே மலையில் குண்டனி நாட்டிலிருந்து வாழவந்தி நாட்டுக்கு வாக்கப்பட்டு வந்த மறுவாரம், அவள் தம்பி கூடையில் வைத்துக் கொண்டுவந்து விட்ட சாம்பல் நிறக் குட்டி அது. அன்றுமுதல் அந்த வீட்டுத் தானியத்தில் எலி வாய் வைத்ததில்லை. இப்போது அதற்கு வயதாகிவிட்டது. முதுகெலும்பு புடைத்து, மயிர் சிலும்பி, எந்நேரமும் குடத்தடியில் கிடந்து தண்ணீர் குடித்தது. மாட்டுத் தொட்டியையும் விடவில்லை.

கண்ணாயி யோசித்தாள். இத்தனை குடிப்பதால்தானே இத்தனை மூத்திரம் பெய்கிறது? குடத்தின் வாயில் பலகைக்கல்லை வைத்தாள். தொட்டியைக் கவிழ்த்தாள். பொழுது சாயும்போது மட்டும் ஒரு கை தண்ணீர்.

அதன்பின் கூடை நனையவில்லை. நரைச்சி அடுப்போரம் சுருண்டு படுத்துக்கொண்டது.

"அடங்கிருச்சு பாத்தீங்களா? சாக்கை உள்ள வையுங்க," என்றாள். மாதன் வைக்கவில்லை. நரைச்சி களியையும் மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வாயோரம் எச்சில் வடிந்தது. அவள் அதை முந்தானையால் துடைத்தாள்.

சந்தைக்கு முந்தின நாள், மாடுகளுக்கு வெக்கை நோய் ஊசி போட, மலையேறி வந்தார் டாக்டர் குழந்தைசாமி. ரோடு வராத காலம். வேட்டியை மடித்துக் கட்டி, மருந்துப் பெட்டிக்காரனோடு நடந்தே வந்திருந்தார். களத்தில் கடைசி மாட்டுக்கும் ஊசி போட்டபின் கண்ணாயி பூனையை ஏந்திக்கொண்டு அவர் முன்னால் போனாள்.

"ஏண்டி, பூனைக்கும் வெக்கை கண்டுருச்சா?" என்றாள் பக்கத்து வீட்டுச் சின்னாயி. களத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். பிறகு நரைச்சியின் பிடரித் தோலைக் கிள்ளி விட்டார். தோல் கூடாரம்போல் அப்படியே நின்றது. அவர் சிரிப்பு போய்விட்டது. அதன் வாயைத் திறந்து மோந்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"தண்ணி நெறையக் குடிக்குமே?"

"குடிச்சுதுங்க சாமி. நான் நிறுத்திப்புட்டனுங்க."

"நிறுத்திட்டியா! அம்மிணி, ஆடு அறுக்கையில குண்டிக்காய் பாத்திருப்பே. ரத்தத்துல இருக்கற கழிவை வடிக்கறது அதுதான். இதுக்கு அது சுருங்கிப் போச்சு. தண்ணிய உள்ள பிடிச்சு வைக்கத் தெம்பில்லை, அப்படியே எறங்கிடுது. குடிக்கறதால பெய்யல. பெய்யறதாலதான் குடிக்குது."

கண்ணாயிக்குக் குடத்துக் கல் கண்ணில் வந்து நின்றது.

"கருவாடு குடுக்கறீங்களா? உப்பு ஆகவே ஆகாது."

"இல்லீங்க!" என்றாள் வெடுக்கென்று. கீழேயிருந்து தலைச்சுமையாக வருகிற உப்புக்கருவாட்டைப் பூனைக்கு யார் போடுவார்கள்?

பின்னால் மாதன் தொண்டையைக் கனைத்தான். "நாந்தானுங்க. தெனம் ஒரு தலை... சோறு திங்கறப்போ மடியில வந்து குந்திக்குமுங்க."

கண்ணாயி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் மாட்டைப் பார்த்தான்.

"கெட்டது கெட்டதுதான், குணமாகாது," என்றார் டாக்டர். "எப்பவும் பக்கத்துல தண்ணி வையுங்க. உப்பில்லாத கஞ்சி, கொஞ்சம் முட்டை, கொஞ்சம் ஓடை மீனு. சாப்பிட ஆரம்பிச்சா கொஞ்ச காலம் சொகமா இருக்கும். எத்தனை காலம்னு என்னைக் கேக்காதீங்க."

வீட்டுக்கு வந்ததும் கண்ணாயி கல்லைத் தூக்கி வெளியே எறிந்தாள். அகலச் சட்டியில் தண்ணீர் ஊற்றி, விரல் நுனியில் தொட்டு அதன் வாயில் வைத்தாள். முதலில் நக்கவில்லை. வைத்துக்கொண்டே இருந்தாள். பொழுது இறங்குகையில் நரைச்சி தானாகவே சட்டியில் வாயை வைத்தது. ஓட்டைச் சட்டியொன்றில் சாம்பலைக் கொட்டி, பெய்வதற்கு மூலையில் வைத்தாள்.

விடிந்ததும் மாதன் சாக்கை எடுத்தான். அவள் நரைச்சியை வாரி எடுத்துக்கொண்டாள். அவனோ விதைச் சாமையை அதில் கொட்டி, வாயைக் கட்டித் தோளில் ஏற்றினான்.

"அண்ணன் ஊட்டுப் பரண்ல வச்சுட்டு, அப்படியே சந்தைக்கு எறங்கறேன். இங்க இது எங்கியோ மோளட்டும்."

சந்தையிலிருந்து கருவாடும் கொண்டுவந்தான். சுட்டதும் நரைச்சி தள்ளாடிக்கொண்டு வந்து, அவன் மடியில் கால் வைத்துக் கத்தியது. மாதன் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

"கண்ணாயி, இதைக் கூப்புடு புள்ளே. எம் மூஞ்சியவே பாக்குது."

அவள் தண்ணீர்ச் சட்டியோடு எழுந்து வந்தாள்.