உண்ணி கடிக்காத தோல்

தோல் பதனிடும் தொழிற்சாலையில் அவருக்கு வேலையே குற்றம் கண்டுபிடிப்பதுதான். சாயமேற்றி, மினுமினுவென்று மேஜைக்கு வரும் ஒவ்வொரு தோலையும் விளக்கடியில் விரித்துப் பார்ப்பார். உண்ணி கடித்த புள்ளி, முள்வேலி கீறிய கோடு, நரம்பு ஓடிய தடம், எது கண்ணில் பட்டாலும் சாக்பீஸால் ஒரு வட்டம். நல்ல தோல் வந்தால் வாயைத் திறக்க மாட்டார்; தள்ளிவிட்டு அடுத்ததை இழுப்பார். தொழிற்சாலையில் அவருக்குப் பெயரே சாக்பீஸ். ஓய்வு பெற்று வீட்டோடு வந்தபோது பெயரும் கூட வந்தது, குணமும் கூட வந்தது. கதவைச் சாத்தினால் கீல் சரியில்லை, சட்டையைத் துவைத்தால் காலர் சரியில்லை, வெயில் அடித்தால் அது அடிக்கிற பக்கம் சரியில்லை. இப்படி எடுத்ததற்கெல்லாம் நொட்டை சொன்னால் சொந்தபந்தம் அண்டுமா? கடைசியில் மிஞ்சியது மனைவியும், சலூன் வைத்திருக்கும் மனைவியின் தம்பியும்தான்.

மனைவி ரொட்டி போடுகிறவள். விடிகாலையில் பேக்கரிக்குப் போய், ஸ்கூட்டரின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு, வீடு வீடாகவும் கடை கடையாகவும் ரொட்டி போட்டுவிட்டு வருவாள். போன குளிருக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தாள். நெஞ்சில் காற்றுப் படவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். அதனால் இந்த வருஷம் குளிர் தலைகாட்டுவதற்கு முன்பே பேச்சை எடுத்தாள்.

“ஏங்க, எனக்கு ஒரு தோல் ஜாக்கெட் வேணும். நல்ல கனமா, காத்துப் புகாத மாதிரி. நாலு வருஷம் உழைக்கணும்.”

“வாங்கிடலாம்.”

“குளிர் இறங்கறதுக்குள்ள வாங்கணும். இல்லேன்னா ரூட்டை யாருக்காவது கொடுத்துட்டு நான் அக்கா வீட்டுக்குப் போயிடறேன். அங்க வெயில் உண்டு. குளிர் முடிஞ்சதும் வர்றேன்.”

அவள் இல்லாத வீட்டில் எப்படி இருப்பது? சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. அதைவிடப் பெரிய சங்கடம், குறை சொல்ல ஆளே இருக்காது. சுவரோடு எத்தனை நேரம் பேசுவது? உண்மையிலேயே பயந்துவிட்டார் மனிதர். ஆனால் ‘போகாதே’ என்று ஒரு வார்த்தை வெளியே வருமா? வராது.

“தோலைப் பத்தி நீ கவலைப்படாத. அது என் டிபார்ட்மென்ட்” என்றார்.

அவளே போய் ஒன்று வாங்கியிருக்கலாம், கையில் சம்பாத்தியம் உண்டு. ஆனால் வைத்தியர் பெண்டாட்டி அடுத்த தெருவில் மருந்து வாங்கினால் நன்றாகவா இருக்கும்? அவரிடமே விட்டுவிட்டாள்.

முதல் கடைக்கு மூவரும் போனார்கள். கடைக்காரர் விவரமானவர். மண்ணிற ஜாக்கெட் ஒன்றை அவளுக்கு மாட்டி, ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, ஸ்கூட்டர் ஓட்டுகிற மாதிரி இரண்டு கையையும் நீட்டச் சொன்னார். கை நீண்டபோதும் ஜாக்கெட்டின் கை மணிக்கட்டிலேயே நின்றது. ஜிப்புக்குப் பின்னால் காற்றை மறிக்க ஒரு பட்டை, கழுத்து வரை ஏறும் காலர், உள்ளே மெத்தென்று கம்பளித் துணி. அவள் முகம் மலர்ந்துவிட்டது.

“கழட்டு, கழட்டு” என்று அதைப் பிடுங்காத குறையாக வாங்கி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார் சாக்பீஸ். திருப்பினார், சாய்த்தார், கண்ணைச் சுருக்கினார். “பாரு, வலது தோள்ல உண்ணி கடிச்சிருக்கு.”

“மாட்டை உண்ணி கடிக்காம என்னையா கடிக்கும்?” என்றார் கடைக்காரர்.

“மாமா, அக்கா தோள்ல இருக்கிற புள்ளிய எவன் பாக்கப் போறான்? ஸ்கூட்டர் போயிட்டே இருக்கும்” என்றான் மைத்துனன்.

“நான் பாப்பேன்” என்றார் அவர். அதோடு அந்த ஜாக்கெட் ஹேங்கருக்குத் திரும்பியது. மனைவி ஸ்டூலிலிருந்து எழுந்து, நீட்டிய கையை மடக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

அதற்கப்புறம் ஊரில் ஏறாத கடை இல்லை. ஒன்றில் கழுத்துச் சுருக்கம், ஒன்றில் முள் கீறல், இன்னொன்றில் நரம்புத்தடம். ஒரு கடையில் தையல் முதல் பட்டன் வரை எல்லாம் சரியாக அமைந்தும், முதுகில் மாட்டுக்கு எப்போதோ ஆறிப்போன ஒரு தழும்பு இருந்தது. “ஐயா, நீங்க ஜாக்கெட் வாங்க வந்தீங்களா, மாட்டுக்கு மாப்பிள்ளை பாக்க வந்தீங்களா?” என்று கேட்டேவிட்டான் விற்பனையாள். சில கடைகளில் இவர் தலை தெரிந்ததுமே விளக்கை அணைத்தார்கள். இவர் மீனமேஷம் பார்த்துக்கொண்டிருக்க, குளிர் யாருக்காகக் காத்திருக்கும்? காலையில் வாயைத் திறந்தால் புகை வர ஆரம்பித்தது. மனைவி பரணிலிருந்து பையை இறக்கித் தூசி தட்டினாள். அவர் அதைப் பார்த்துவிட்டு அன்றைக்குச் சாப்பாட்டில் ஒரு குறையும் சொல்லவில்லை.

மறுநாள் மைத்துனனைக்கூடக் கூப்பிடாமல் தனியாகக் கிளம்பினார். சந்தையோரம் குடையும் மழைக்கோட்டும் பெட்டியும் விற்கிற ஒரு கடையில், கொக்கியில் கறுப்பாகத் தொங்கியது அது. எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தார். புள்ளி இல்லை. முதுகில் கீறல் இல்லை, கழுத்தில் சுருக்கம் இல்லை, கையில் நரம்பு இல்லை. மறுபடி பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது அவருக்கு.

“இதுல ஒரு குறையும் இல்லையே!” என்றார்.

“இருக்காதுங்க” என்றார் கடைக்காரர்.

“எந்த ஊர் மாடு?”

“மாட்டுக்குத் தொந்தரவே கொடுக்காத சரக்குங்க இது.”

இதைவிடப் பச்சையாக ஒரு வியாபாரி என்ன சொல்ல முடியும்? ஆனால் சாக்பீஸ் தலையை ஆட்டினார். முள்வேலி இல்லாத இடத்தில், உண்ணி பிடுங்கி, செல்லமாக வளர்த்த மாடு என்று எடுத்துக்கொண்டார். முகர்ந்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் தொழிற்சாலை மருந்துகள் அவர் மூக்கை என்றைக்கோ பதம்பார்த்துவிட்டன. தொட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் அவர் கண்ணால் பார்க்கிறவர், கையால் பார்ப்பது வேறு ஆட்களின் வேலை. எல்லாவற்றுக்கும் மேலாக, இது தோலா இல்லையா என்று அவரை யாரும் கேட்டதே இல்லை. மாட்டிலிருந்து உரித்ததுதான் அவர் மேஜைக்கு வரும். அதில் என்ன குறை என்பதுதான் கேள்வி. வாழ்நாள் முழுக்க குறையில்லாத தோலைத் தேடியவருக்குக் கடைசியில் ரெக்சின் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து பையை நீட்டினார். “பிரிச்சுப் பாரு. நல்லா இருக்கு.”

மனைவி பிரித்தாள். ஒரு கணம் அப்படியே நின்றாள். தம்பி எட்டி வாங்கி மூக்கருகே கொண்டுபோனான், அக்காவைப் பார்த்தான், வாயைத் திறந்தான். அக்கா லேசாகத் தலையை அசைக்க, வாயை மூடிக்கொண்டான். இரண்டு பேரும் அசந்துபோய்ப் பேச்சற்று நிற்பதாக நினைத்துப் பூரித்துப்போனார் சாக்பீஸ்.

“எப்படி?”

“நல்லா இருக்குங்க” என்றாள் அவள். அன்றைக்கே பை பரணுக்குத் திரும்பிப் போனது. அவருக்குப் போன உயிர் வந்தது. சலூனுக்குப் போய், முகச்சவரத்துக்கு உட்கார்ந்திருந்தவர்களிடமெல்லாம் நல்ல தோலை எப்படிக் கண்டுபிடிப்பது என்று வகுப்பே எடுத்தார். சோப்பு நுரைக்குள்ளிருந்து அவர்களால் எதிர்த்துப் பேச முடியவில்லை. மைத்துனன் கத்தியைத் தீட்டிக்கொண்டே கூரையைப் பார்த்தான்.

அவள் அதைப் போட்டுக்கொண்டு ரொட்டிக்குப் போனாள். உள்ளே ஒரு ஸ்வெட்டர், அதற்குள் இன்னொரு ஸ்வெட்டர்.

“ஜாக்கெட் இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு?” என்று கேட்டார்.

“பழக்கதோஷம்” என்றாள். சொல்லும்போதே இருமினாள். நாளாக ஆக இருமல் கூடியது. ‘உள்ளே இருந்து வருது சளி, ஜாக்கெட் என்ன பண்ணும்’ என்று அவரே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகப் பூத்திருந்த ஒரு காலையில் அவள் திரும்பி வந்து, வாசலிலேயே மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டாள். ஜாக்கெட் கழற்றிய கோலத்தில் நாற்காலியில் விறைப்பாக நின்றது. முழங்கை வெடித்து, கறுப்பு ஏடு ஏடாக உரிந்து தொங்கியது. அவர் பழக்கத்தில் அதை விளக்கடிக்கு எடுத்துப்போனார், என்ன குறை என்று பார்க்க. வெடிப்புக்குள் வெள்ளையாக, குறுக்கும் நெடுக்குமாக நூல் தெரிந்தது. எந்த மாட்டுக்கு உள்ளே துணி இருக்கிறது?

அதைப் பிடித்தபடியே வாசலுக்கு வந்தார்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“பையைப் பிரிச்சப்பவே. குடை வாசனை அடிச்சுது.”

“ஏன் சொல்லல?”

அவள் இருமி முடித்துவிட்டுச் சொன்னாள். “கட்டிக்கிட்டு வந்ததுலருந்து அன்னைக்குத்தான் முதல் தடவையா ஒரு பொருளை நல்லா இருக்குன்னு உங்க வாயால கேட்டேன். அதைக் கெடுக்க மனசு வரல.”

அவமானம் என்றால் அப்படியொரு அவமானம். சாக்பீஸ் திண்டாடிப்போனார். இத்தனை குளிரில், மூச்சு இழுக்கிற உடம்போடு, தன் ஒரு சொல்லுக்காக ஒரு ரெக்சினை மாட்டிக்கொண்டு அலைந்திருக்கிறாள்! ‘நான் ஒரு மடையன்’ என்று சொல்ல வந்தார். “ஜிப்பும் சரியில்ல” என்றார்.

சாயங்காலம் தம்பி வந்தான். பை மறுபடி பரணிலிருந்து இறங்கியிருந்தது.

“நாளைக்கே கிளம்பறேன்டா. முடியல” என்றாள் அக்கா.

“போய்ட்டு வா. ரூட்டுக்குத்தான் ஆள் வேணும். விடிகாலையில எழுந்து வர்ற மாதிரி, வேற வேலைவெட்டி இல்லாத ஆளா யாரு கிடைப்பா?” என்று தாடையைச் சொறிந்தான் அவன்.

“அதான் தெரியல. ஸ்கூட்டர் ஓட்டத் தெரிஞ்சிருக்கணும். நம்பிக்கையான ஆளாவும் இருக்கணும்.”

இரண்டு பேரும் யோசித்தார்கள். நடுவில் நாற்காலியில், ஸ்கூட்டர் ஓட்டத் தெரிந்த, வேலைவெட்டி இல்லாத, நம்பிக்கையான ஆள் ஒருவர் உட்கார்ந்து கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பக்கம் யாருடைய கண்ணும் திரும்பவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவர்களுக்கு உண்மையாகவே தோன்றவில்லை. அதுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. அதைவிடக் கொடுமை, தனக்கும் இதுவரை தோன்றவில்லையே என்பது.

மறுநாள் இருட்டோடு எழுந்தார். அவள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வெடித்த ஜாக்கெட்டையே மாட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் ஸ்கூட்டரைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட் செய்தார். பேக்கரிக்காரர் ஆளைப் பார்த்து வாயைப் பிளந்தார், பிறகு ரொட்டிப் பெட்டியைக் கட்டிவிட்டு, எந்தெந்த வீடு, எந்தெந்தக் கடை என்று வழி சொன்னார்.

முதல் திருப்பத்திலேயே குளிர் அவரைப் பிடித்துக்கொண்டது. ஹேண்டிலைப் பிடிக்கக் கையை நீட்டினால் ஜாக்கெட்டின் கை முழங்கைப் பக்கம் ஏறிக்கொண்டது. மணிக்கட்டில் காற்று அறுத்தது. ஜிப்பின் பல் ஒவ்வொன்றின் இடுக்கிலும் காற்று உள்ளே நுழைந்து நேராக நெஞ்சில் உட்கார்ந்தது. காலர் கழுத்தை எட்டவில்லை. பற்கள் தந்தியடித்தன, மூக்கு தன்பாட்டுக்கு ஒழுகியது. தோளில் உண்ணி கடித்திருந்தால் என்ன, யானையே கடித்திருந்தால்தான் என்ன? கை நீளமாக இருக்க வேண்டும், ஜிப்புக்குப் பின்னால் ஒரு பட்டை இருக்க வேண்டும். அவள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து கையை நீட்டிப் பார்த்தது இதற்குத்தான். அந்த நேரத்தில் இவர் வாசலில் நின்று புள்ளி எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு வீட்டில் கதவைத் திறந்த பெரியவர் ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “ஓரம் நசுங்கியிருக்கே” என்றார்.

அவர் வீடு திரும்பியபோது மனைவி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தலைகூட வாரவில்லை. “எங்க போனீங்க? ஸ்கூட்டரையும் காணோம், ஆளையும் காணோம். உயிரே போயிடுச்சு எனக்கு!”

“ரொட்டி போட்டுட்டேன்” என்றார். “எல்லா வீட்டுக்கும் போட்டுட்டேன். குளிர் முடியற வரைக்கும் நான்தான் போவேன். நீ படுத்துத் தூங்கு. அக்கா வீட்டுக்கெல்லாம் போகாத. நீ இல்லாம இந்த வீட்ல என்னால இருக்க முடியாது.”

சொல்லிவிட்டார். சொன்னதும் அவருக்கே வெட்கமாக இருந்தது. அவள் உள்ளே போய், கட்டி வைத்திருந்த பையின் அடியில் கையை விட்டுக் கம்பளிச் சால்வையை உருவினாள். மடித்த துணிகளெல்லாம் கூடவே சரிந்து தரையில் விழுந்தன, அவள் எடுக்கவில்லை. வந்து சால்வையை அவர் கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். அவர் உடம்பு நடுங்குவது நிற்கவே இல்லை. விறைத்த விரல்களை அவள் தன் உள்ளங்கைகளுக்குள் வைத்துத் தேய்த்தாள்.

“எப்பா, என்ன குளிர்!” என்றார். “வருஷா வருஷம் இதுலயா போய்ட்டு வந்த? இவ்வளவு குளிருதுன்னு ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?”

அவள் தேய்ப்பதை நிறுத்தாமல் அவர் முகத்தைப் பார்த்தாள்.

“சொன்னேனே. ஜாக்கெட் வேணும்னு சொன்னேன்.”